பதினொன்று நாற்பது

எப்படியும் இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். திரையில் 11:40. சரி, வேறெதையாவது யோசித்துக்கொண்டே மிதிப்போம் என்று சுவரைப் பார்த்தேன். அதில் ஒரு விரிசல் இருக்கிறது. அந்த விரிசல் எந்த விலங்கின் சாயல் என்று யோசித்தேன். முதலை. வால் பக்கம் கொஞ்சம் உடும்பு. போதும், நேரம் ஓடியிருக்கும் என்று மறுபடி குனிந்தேன். 12:05. இறங்கிவிட்டேன்.

எக்சர்சைஸ் சைக்கிள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நடந்தது இது. நான்காம் நாள் அதன் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கியது. ஒரு வாரத்தில் துண்டோடு ஒரு போர்வை, மகளின் பை, இஸ்திரி போட வேண்டிய சட்டைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், சலிப்புதான் என் தொழிலே. பத்தொன்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். 400 பக்கப் புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு என்று ஒன்று இருக்குமே, அதை ஒவ்வொரு பக்க எண்ணாகப் புரட்டிச் சரிபார்த்திருக்கிறேன். அடிக்குறிப்புகளை, அட்டவணைகளை, யாருமே படிக்கப்போகாத பின்னிணைப்புகளை எல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன். ஒரு நாளும் கொட்டாவி விட்டதில்லை. அப்படிப்பட்டவளால் ஒரு பெடலை இருபது நிமிடம் சுற்ற முடியவில்லை.

முன்பெல்லாம் வெளியில் நடப்பேன். ஒரு நாள் மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் மடங்கியதில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. மேடுபள்ளத்தில் நடக்க வேண்டாம், கொஞ்ச நாளைக்கு சைக்கிள் மிதியுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். வாரத்துக்கு 150 நிமிடம் என்று ஒரு கணக்கும் கொடுத்தார். அவராக வைத்த கணக்கு இல்லை அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் இதுதான்: மிதமாகச் செய்தால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையாகச் செய்தால் 75 முதல் 150. அந்த ‘அல்லது’ என் கண்ணில் பட நாளாயிற்று.

சைக்கிளில் துணி காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் டிரெட்மில்லின் பூர்வீகத்தைப் படித்தேன். 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்தது அது. பெரிய உருளை, அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருப்பார்கள், எந்த மாடிக்கும் போய்ச் சேரமாட்டார்கள். நியூயார்க் சிறை ஒன்றிலும் இதை வைத்தார்கள். அதைப் பற்றி 1824-ல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி என்பவர், கைதிகள் பயப்படுவது அதன் கடுமைக்கு அல்ல, மாறவே மாறாத அந்த ஒரே சீருக்குத்தான் என்கிறார். படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். குறை என்னிடம் இல்லை, அந்த இயந்திர ஜாதியிலேயே இருக்கிறது என்று இன்னும் இரண்டு நாள் சைக்கிள் பக்கம் போகவில்லை.

அப்புறம் கணுக்கால் விறைக்க ஆரம்பித்ததால் துணிகளை எடுத்துவிட்டு ஏறினேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். போனைக் கைப்பிடியில் சாய்த்து வைத்து ஒரு தொடர் பார்த்தேன். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை! இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒரு துளி வியர்வை இல்லை. மறுநாள் கவனித்துப் பார்த்தேன். சண்டைக் காட்சியில் நிமிடத்துக்கு 75 சுற்று போகும் கால், இருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் 50-க்கு வந்துவிடுகிறது. கண்ணீர்க் காட்சியில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கதாநாயகி அழுது முடிக்கும்வரை நானும் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறேன்.

புத்தகம் வைத்துப் படித்துப் பார்த்தேன். அது என் போன்றவர்களுக்கு ஆகாது. ‘அதை கண்டான்’ என்று ஒற்று இல்லாமல் ஓரிடத்தில் வந்ததும் கால் தானாக நின்றது, கை பென்சிலைத் தேடியது. மலைப்பாதையில் ஓட்டுவதுபோல் திரையில் காட்டும் செயலி ஒன்றையும் மகள் போட்டுக் கொடுத்தாள். நிறையப் பேருக்குப் பிடிக்கிறதாம். எனக்கு இரண்டு வளைவிலேயே தலை சுற்றியது.

பிறகு அந்தத் திரையை மறைத்தேன். எண்ணைப் பார்ப்பதால்தானே எரிச்சல் என்று, வேண்டாத மெய்ப்புத்தாள் ஒன்றை மடித்து அதன்மேல் ஒட்டினேன். நிமிடத்துக்குப் பதிலாகப் பாட்டுக் கணக்கு. ஆறு பாட்டு முடிந்தால் இறங்கலாம். இது ஓரளவு பலித்தது. நிமிடத்துக்கு 140 தட்டு வரும் பாட்டாக எடுத்து, தட்டுக்கு ஒரு கால் கீழே போகிற மாதிரி மிதித்தால், சரியாக 70 சுற்று வரும். தாளம் பிடித்துக்கொண்டால் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பாட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஐந்தாவது பாட்டில் மறுபடி அந்த எரிச்சல். தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும்போல் கை துறுதுறுக்கும்.

அந்த ஐந்தாவது பாட்டு எரிச்சலுக்கு விடை கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் யாரோ மேசை ஃபேனை அந்த அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போட்டுக்கொண்டு ஏறினேன். ஏழு பாட்டு ஓடிவிட்டது. யோசித்தால் எளிமையான விஷயம். வெளியில் ஓடினாலும் சைக்கிள் ஓட்டினாலும் நம் வேகமே காற்றாகி நம்மேல் அடிக்கும், வியர்வை ஆறும். உள்ளே நின்ற இடத்திலேயே மிதிக்கும்போது நம் சூடும் ஈரமும் நம்மைச் சுற்றியே நிற்கும். உடம்பு சூடாகச் சூடாக, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், அதே வேலை பெரிய வேலையாகத் தெரியும். நான் சலிப்பு என்று பெயர் வைத்ததில் பாதி புழுக்கம். யாராவது வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யச் சலிப்பாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னால், ஃபேன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வைத்தபோது எனக்கு அவ்வளவு பிரயோசனமில்லை.

மீதிப் பாதி நிஜமான சலிப்பு. அதைப் பற்றி யோசிக்கும்போதுதான் என் தொழில் கைகொடுத்தது. சொல்லடைவு பார்க்கும்போது எனக்கு ஏன் தூக்கம் வருவதில்லை? அடுத்த வரியில் ஒரு பிழை இருக்கலாம் என்பதால். மூளைக்கு அங்கே வேலை இருக்கிறது. சைக்கிளில் காலுக்கு மட்டும்தான் வேலை, மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருப்பவர்கள் மணி பார்க்கத்தானே செய்வார்கள்! அப்படியானால் அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். எந்த வேலை என்பது கால் எவ்வளவு கடுமையாக மிதிக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

மெதுவாக மிதிக்கும் நாளில் மூளை முழுக்கக் காலி. அன்றைக்குக் கதை. பார்க்கும் கதை இல்லை, கேட்கும் கதை. கண்ணுக்கு வேலை இல்லாததால் கால் நிற்பதில்லை. ஒலிநூலாக ஒரு கொலைக் கதை எடுத்தேன், 14 மணி நேரம். சைக்கிளில் இருக்கும்போது மட்டும்தான் கேட்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். இப்படி ஒரு சோதனையை கேத்தி மில்க்மன் என்ற பேராசிரியர் குழுவாகச் செய்திருக்கிறார், 2014-ல் வெளியானது. விறுவிறுப்பான நாவல்களை, பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடில் ஏற்றி, ஜிம்முக்கு வந்தால்தான் கேட்க முடியும் என்று வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் இப்படிக் கதை கேட்டவர்கள், மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். நாளாக ஆக அது தேய்ந்து, நடுவில் ஒரு விடுமுறை வந்ததும் கரைந்துவிட்டது.

அவர்களிடம் ஐபாடைப் பூட்டி வைக்க ஆள் இருந்தது. எனக்கு நான்தான் காவல். உயில் படிக்கப்போகும் அத்தியாயத்தில் சட்டம் உடைந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே காதில் மாட்டியிருந்தேன். மகள் வந்து ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “அம்மா, இது சைக்கிள் கதைதானே?” என்றாள். அன்றிலிருந்து அந்தக் கதை அவள் போனில் இருக்கிறது. நான் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்த பிறகுதான் போன் என் கைக்கு வரும்.

வியாழக்கிழமைகளில் கதை இல்லை, அக்காள் கூப்பிடுவாள். முதல் முறை எடுத்தபோது, “என்னடி இப்படி மூச்சு வாங்குது, மாடி ஏறுறியா?” என்றாள். சைக்கிள் என்றேன். “அப்ப வை, அப்புறம் பேசுறேன்.” வேண்டாம், நீ பேசு என்றேன். பேசிக்கொண்டே மிதித்ததில் 35 நிமிடம் ஓடிவிட்டது. மிதமான வேகம் என்றால் என்ன என்பதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் அளவே இதுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அக்காள் சொல்வதற்கு முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிந்தால் சரியான வேகம். ‘ம்’ மட்டும் வந்தால் அதிகம். நானே நடுவில் புகுந்து அவளைவிட அதிகம் பேசினால் போதவில்லை, பெடலை இறுக்கும் குமிழை ஒரு திருகு திருக வேண்டும்.

இனி கடுமையான நாள். கணுக்கால் தேறி, பிசியோதெரபிஸ்டும் சம்மதித்த பிறகுதான் இதற்கு வந்தேன். முதலில் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று சின்னதாக. இப்போது நார்வேக்காரர்கள் பிரபலமாக்கிய நான்குக்கு நான்கு: பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, நான்கு நிமிடம் கடுமையாக, அதாவது இதயத்தின் உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம் வரும்படி, அப்புறம் மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று. கடைசிச் சுற்றில் மட்டும் அந்த மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் ஆற விடுவது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

இந்த நாளில் கதையைப் போட்டுப் பார்த்தேன். யார் யாரைக் கொன்றார்கள் என்றே பிடிபடவில்லை, எரிச்சல்தான் மிச்சம். பாட்டும் அப்படித்தான். மிதமான வேகத்தில் சிரமத்தைக் குறைத்துக் காட்டும் பாட்டு, வேகம் ஏற ஏறத் தோற்றுப்போகும். நுரையீரலும் தொடையும் போடும் சத்தம் பாட்டைவிடப் பெரிது. அந்த நேரத்தில் கவனத்தை வெளியே இழுக்கக் கூடாது, உள்ளேதான் விட வேண்டும்.

அதற்கு எனக்கு உதவியது குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளரின் அளவுகோல். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண் போட்டுக்கொள்வது. விசித்திரமாக, 6-ல் தொடங்கி 20-ல் முடியும். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும் என்பதால் அப்படி. 13 என்றால் கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். நான் என்ன செய்கிறேன் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ‘இது எத்தனையில் முடியும்’ என்று ஊகித்து, திரைமேல் ஒட்டிய மெய்ப்புத்தாளின் ஓரத்தில் எழுதிவிடுவேன். சுற்று முடிந்ததும் நிஜ எண்ணைப் பக்கத்தில் எழுதுவேன். தப்பாக ஊகித்திருந்தால் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தம். மூன்றாம் சுற்றை நான் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறேன். 15 என்று எழுதியிருப்பேன், 17 வந்து நிற்கும். நான்காவது சுற்று, கடைசி என்று தெரிவதாலோ என்னவோ, பயந்த அளவுக்கு இருப்பதில்லை.

நேரம் வேகமாகப் போகிறதா என்றால், இல்லை. சிரமம் கூடக் கூட நேரம் நீள்வதுபோல் தோன்றும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. நான்கு நிமிடத்தில் மூன்றாவது நிமிடம் எனக்கு ஒரு முழு மதியம். ஆனால் அதில் சலிப்பு இல்லை. அந்த நாட்களில் முதலை விரிசலை நான் ஒரு தடவைகூட பார்த்ததில்லை.

கணுக்கால் இப்போது சரியாகிவிட்டது. வெளியில் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் போகிறேன். மற்ற நாட்களில் சைக்கிள்தான், ஏனென்றால் கொலைகாரன் யாரென்று இன்னும் தெரியவில்லை. எனக்கு டாக்டர்மீது சந்தேகம். 2 மணி 10 நிமிடம் பாக்கி இருக்கிறது. மகள் தன் போனில் இருக்கிறதே என்று, ஒரு பெடல்கூட மிதிக்காமல், படுத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டு முடித்துவிட்டாள். நேற்று டாக்டர் என்று நான் சொன்னதும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.