தேவதைக் கதைகளின் இருண்ட மூலம்: ஒரு மாணவர் ஆவணப்படம் உருவான விதம்

இறுதியாண்டு மாணவர் படத்துக்கு 20 நிமிடம்தான் அளவு. தலைப்பு பெரிது என்பதால் அதற்குள் பத்துக் கதையைத் திணிக்கத் தோன்றும். கதைக்கு இரண்டு நிமிடம் பிரித்துக் கொடுத்தால் பார்ப்பவர் மனதில் ஒன்றும் தங்காது. நாங்கள் முக்கியக் கதைகளை மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்: ஸ்னோ ஒயிட், ஹான்சலும் கிரெட்டலும், சிவப்புத் தொப்பிச் சிறுமி. மூன்றுக்கும் பழைய அச்சுப் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் அறிமுகத்துக்கு நேரம் செலவாகாது.

இந்த வகைப் படத்தை முதலில் கெடுப்பது ஆராய்ச்சிதான், கேமரா அல்ல. யூடியூபில் தேடினால் "கதைக்குப் பின்னால் நடந்த கொடூர உண்மை" என்று கொட்டும். ஹான்சல் கதை 1315–1317 பெரும்பஞ்சத்தில் பிறந்தது என்பார்கள். வட ஐரோப்பாவில் அந்தப் பஞ்சம் வந்தது உண்மை. அதையும் இந்தக் கதையையும் கட்டிப்போடும் ஆவணம்தான் இல்லை. ஸ்னோ ஒயிட் எங்கள் ஊர்ப் பெண் என்று ஜெர்மனியின் லோர் நகரம் 18-ஆம் நூற்றாண்டின் மரியா சோஃபியா ஃபொன் எர்டாலைக் காட்டும். அதே நாட்டின் வால்டெக் பகுதிக்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டின் மார்கரேதாவைக் காட்டுவார்கள். இரண்டுமே 1980-களிலும் 90-களிலும் முன்வைக்கப்பட்ட ஊகங்கள். படத்தில் சொல்லலாம், ஊகம் என்று சொல்லித்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட மோசமான கண்ணி 1963-இல் ஜெர்மன் கேலிச்சித்திரக்காரர் ஹான்ஸ் டிராக்ஸ்லர் எழுதிய புத்தகம். சூனியக்காரியின் வீட்டையும் அடுப்பையும் ஸ்பெஸ்ஸார்ட் காட்டில் ஓர் ஆசிரியர் தோண்டி எடுத்தார், தேன் ரொட்டிச் செய்முறைக்காக அவளை அண்ணனும் தங்கையும் கொன்றார்கள் என்று புகைப்படத்தோடு விவரிக்கும். முழுக்க நையாண்டி. அந்த ஆசிரியரும் கற்பனை, அகழாய்வும் கற்பனை. வெளிவந்த காலத்திலேயே பலர் நம்பினார்கள், இன்றும் இணையக் கட்டுரைகளில் அது "தொல்லியல் ஆதாரம்" என்று உலவுகிறது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது: ஒவ்வொரு வரிக்கும் எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று திரைக்கதைத் தாளின் ஓரப் பத்தியில் எழுத வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரி படத்தில் வராது.

அப்படி வடிகட்டினால் இருட்டு மிஞ்சுமா? தாராளமாக மிஞ்சும். இந்தக் கதைகளை ஜெர்மனியில் தொகுத்த கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-இல் வந்தது, இரண்டாவது 1815-இல். கடைசியாக அவர்கள் கைபட்ட ஏழாம் பதிப்பு 1857-இல். இடைப்பட்ட 45 ஆண்டில் வில்ஹெல்ம் கிரிம் கதைகளைத் திருத்திக்கொண்டே போனார். 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய்; அவளே மகளின் நுரையீரலும் ஈரலும் என்று நம்பிப் பன்றியினுடையதை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறாள். 1819 பதிப்பில் தாய் இறந்துபோகிறாள், அந்த இடத்துக்குச் சித்தி வருகிறாள். ஹான்சல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் தாய் 1840 பதிப்பில்தான் சித்தியாகிறாள். கோபுரத்தில் அடைபட்ட ராபுன்ஸல், தான் கருவுற்றது அறியாமல், தன் உடை ஏன் இறுகிக்கொண்டே போகிறது என்று கேட்கும் வரி அடுத்த பதிப்புகளில் இல்லை. பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாடி ஒருவன் நிஜமாகவே கழுத்தறுபடும் கதை 1819-இல் மொத்தமாக நீக்கப்பட்டது. முதுகெலும்பு கிடைத்துவிட்டது: ஓர் ஆசிரியர் மேசை, ஒரு பேனா, அடித்தலும் திருத்தலும். எந்தப் பேய்க்கதையையும் விட இது அச்சமூட்டுகிறது என்பது எங்கள் கட்சி. தாயைக் குற்றத்திலிருந்து காப்பாற்றியதும் திருத்தம், ஸ்னோ ஒயிட்டின் எதிரியைச் சாகும்வரை ஆடவைக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைக் கடைசிவரை அப்படியே விட்டுவைத்ததும் அதே கைதான்.

பதிப்புகளை ஒப்பிடும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று. இணையத்தில் எளிதில் கிடைக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்தது. அது இறுதிப் பதிப்பைத் தழுவியது. அதைப் படித்துவிட்டு "மூலத்திலேயே சித்திதான்" என்று எழுதிவிடுவார்கள். 1812 பாடம் வேண்டுமென்றால் டாய்ச்சஸ் டெக்ஸ்ட்ஆர்க்கிஃப் என்ற ஜெர்மன் பழம்நூல் தளத்துக்கோ ஜெர்மன் விக்கிமூலத்துக்கோ போக வேண்டும். அங்கே பக்கப் படமும் தட்டச்சு செய்த உரையும் சேர்ந்தே இருக்கும். ஸ்கேன் பக்கத்தை நேராக எழுத்துணரி மென்பொருளில் போட்டால் பழைய ஃப்ராக்டூர் எழுத்தின் நீண்ட 'எஸ்', 'எஃப்' ஆகப் படியும், மொழிபெயர்ப்பு உளறலாகும். தட்டச்சு உரையிலிருந்து வரி எடுங்கள், ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், பக்கப் படத்தை ஷாட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

"கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்டு எழுதினார்கள்" என்ற வரியும் வாய்ஸ் ஓவரில் தானாக வந்து உட்காரும். எடுத்துவிடுங்கள். காஸல் நகரத்தின் ஹாஸன்ஃப்ளுக், வில்ட் குடும்பங்களின் படித்த இளம் பெண்கள்தான் முதல் தொகுதிக்கு முக்கிய ஊற்று. ஹாஸன்ஃப்ளுக் குடும்பத்துக்குப் பிரெஞ்சு ஹ்யூகனோ (புராட்டஸ்டண்ட்) வேர் உண்டு. சிவப்புத் தொப்பிக் கதை 1697-இல் பாரிஸில் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ அச்சிட்டதன் சாயலோடு அவர்கள் வழியாகவே வந்தது. பெரோவிடம் வேட்டைக்காரன் கிடையாது. ஓநாய் தின்கிறது, கதை முடிகிறது, கீழே செய்யுளில் ஒரு நீதி. பாட்டியின் சதையையும் ரத்தத்தையும் சிறுமிக்கே ஓநாய் பரிமாறும் வாய்மொழி வடிவம் பிரான்ஸின் நியெவ்ர் பகுதியில் சுமார் 1885-இல் பதிவானது. அது பெரோவுக்கு முந்தையது என்று பலர் கருதினாலும் பதிவு அவருக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டு பிந்தியது. படத்தில் ஆண்டைத் திரையிலேயே போட்டுவிட்டோம், வாதத்தைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டோம்.

படங்களுக்கு உரிமைச் சிக்கல். இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்து 60 ஆண்டு, ஐரோப்பாவில் 70. குஸ்தாவ் டோரே 1883-இல் இறந்தார், ஆர்தர் ராக்கம் 1939-இல். இந்த இரு ஓவியர்களுக்கும் இரண்டு இடத்திலும் பயமில்லை. கே நீல்சன் 1957-இல் இறந்தவர். இந்தியாவில் அவர் ஓவியம் பொதுவுடைமை, ஐரோப்பாவில் 2027 முடியும்வரை இல்லை. வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அவரைத் தொடாதீர்கள். 1937 டிஸ்னி படத்திலிருந்து ஒரு ஃப்ரேம்கூட வேண்டாம். "கல்விக்குத்தானே" என்ற வாதம் யூடியூபின் தானியங்கிச் சோதனைக்குப் புரியாது.

பெரோவின் கதைகளுக்கு டோரே வரைந்த 1862 மரச்செதுக்குப் படங்கள்தான் எங்கள் தொனியைத் தீர்மானித்தன. ஓநாயும் சிறுமியும் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் படத்தில் அவள் கை போர்வையை மார்போடு இழுத்துப் பிடித்திருப்பதை, கண் மட்டும் பக்கவாட்டில் ஓநாயைப் பார்ப்பதை, அருகில் போய்க் காட்டினால் வாய்ஸ் ஓவரே தேவையில்லை. ஆனால் நெருங்கினால் நெளியும். செதுக்குப் படம் முழுக்க மெல்லிய இணைகோடுகள். மெதுவாக ஜூம் செய்தால் அவை பிக்சல் கட்டத்தோடு மோதி அலையலையாக மின்னும். முதல் தேவை போதுமான அளவு ஸ்கேன்: 1920 பிக்சல் டைம்லைனில் இரண்டு மடங்கு நெருங்க வேண்டுமானால் படம் அகலத்தில் 3840-க்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் 0.3 முதல் 0.5 பிக்சல் வரை காஸியன் பிளர் போட்டால் மினுக்கம் அடங்கும், கண்ணுக்கு மங்கல் தெரியாது. அதுவும் போதாவிட்டால் ஜூமை விட்டுவிட்டு அசையாத ஷாட்டாகவே வெட்டிச் செல்லுங்கள். அசையாத படம் இந்தத் தொனிக்கு இன்னும் பொருந்தும்.

காட்டையும் வீட்டையும் நடிகர்களை வைத்து எடுப்பது மாணவர் பட்ஜெட்டில் நாடகமேடை போலத்தான் இருக்கும். நிழலுருவத்துக்குப் போனோம். 250 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டையில் உருவம் வெட்டி, தோள், முழங்கை, இடுப்பு மூன்றிலும் நூல் முடிச்சால் மூட்டு. திரைக்கு பட்டர் பேப்பர் முதலில் அழகாக இருக்கும், கடலோர ஈரப்பதத்தில் மதியத்துக்குள் தொய்ந்து அலை விழும். மர ஃப்ரேமில் இறுக்கி அடித்த வெள்ளை பாப்ளின் துணி தொய்வதில்லை. ஒளிக்கு எல்இடி பேனல் உதவாது. பரப்பு பெரிது, நிழல் ஓரம் கரைந்துவிடும். ஒற்றை எல்இடி டார்ச்சைத் திரைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் வைத்து, உருவத்தைத் திரையிலிருந்து 5 செ.மீ.க்குள் நகர்த்தினால் கத்தி போல விளிம்பு வரும். ஓநாயை மட்டும் விளக்கு நோக்கிப் பின்னுக்கு இழுத்தால் அது பெரிதாகிக்கொண்டே மங்கும். எடிட்டில் எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் கிடைக்கும் பயம் அது. நடுவில் விளக்கின் வெள்ளைப் புள்ளி துணி வழியே தெரியும். விளக்கைக் கேமரா லென்ஸின் நேர்கோட்டிலிருந்து மேலே தூக்கினாலோ ஒரு மரத்தின் அடர்ந்த பகுதியை அதன் முன் நிறுத்தினாலோ மறையும்.

ஸ்டாப் மோஷன் (உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம் டைம்லைனில் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் வீதம் நிறுத்தினால் போதும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவல். அப்படியும் வெளிச்சம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடித்தால் லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) ஒவ்வொரு கிளிக்கிலும் நூலளவு வேறு இடத்தில் மூடுகிறது என்று பொருள். அபர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள், அல்லது கையால் வளையம் திருப்பும் பழைய லென்ஸ் மாட்டுங்கள்.

பேட்டிகளுக்கு வருவோம். இருண்ட படம் என்றால் குறைந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று நினைப்பதுதான் கேமராப் பிரிவில் பொதுவான கோளாறு. 8 பிட் வீடியோவில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 16-லிருந்து 235 வரை படிகள். இருட்டான பத்து சதவீதத்துக்குக் கிடைப்பது சுமார் 22 படி. அங்கேயே படத்தை வைத்தால் சுவரின் நிழல் வரிவரியாகப் பிளக்கும், ஐஎஸ்ஓ நாய்ஸ் கொசு மொய்க்கும். முகத்தின் வெளிச்சப் பக்கம் வேவ்ஃபார்மில் (வெளிச்சத்தை 0–100 அளவில் காட்டும் வரைபடம்) 50-ஐத் தொடும்படி எடுத்து, கிரேடிங்கில் (எடிட்டில் நிறமும் ஒளியும் சரிசெய்வது) 35–40-க்கு இறக்குங்கள். நிழல் பக்கம் 10–15. பின்னணியில் கறுப்புத் துணியை ஆளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டால் ஒளி சிந்தாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் 1/50. விலை மலிவான எல்இடியை டிம்மரில் குறைத்தால் திரையில் பட்டை ஓடும். குறைக்காமல் விளக்கைத் தள்ளிவையுங்கள், அல்லது முன்னால் டிரேசிங் பேப்பர் ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.

ஒலியில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிவயிற்றைக் கலக்கும் 40 ஹெர்ட்ஸ் உறுமல் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் பிரமாதமாக இருக்கும், மொபைலில் அறவே கேட்காது. அதன் மேலேயே 150–300 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு அடுக்கு சேர்த்தால்தான் இரண்டிலும் இருக்கும். எலும்பு நொறுங்க முட்டைக்கோஸ் தண்டு, மரக்கதவுக்கு உலர்ந்த மூங்கில். குரலை ஃபேன், ஏசி அணைத்த அறையில், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே பதியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல். கரகரத்த பேய்க் குரல் வேண்டாம். ஈரலை உப்புப் போட்டு வேகவைத்த வரியைச் செய்தி வாசிப்பது போலச் சாதாரணமாகச் சொன்னால்தான் உறைக்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கில டாக்குமெண்டரிக் கணக்கு செல்லாது. நிமிடத்துக்கு 80–90 சொல் என்று எழுதினால் நிழலுருவக் காட்சிகளுக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

கடைசியில் இரண்டு பிரதி எடுங்கள். யூடியூபுக்கு 1080-இல் முடித்த படத்தையே 4கே அளவுக்குப் பெரிதாக்கி, மேலே லேசாகக் கிரெயின் (ஃபிலிம் போன்ற துகள்) தூவி ஏற்றினால் தளம் அதிக பிட்ரேட் ஒதுக்கும், இருட்டில் கட்டம் கட்டமாக உடைவது குறையும்; ஒலி மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு). கல்லூரி ஆடிட்டோரியத்துக்கு அந்தப் பிரதி ஆகாது. திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் கசியும் அரங்கில், பழைய புரொஜெக்டரில், வேவ்ஃபார்மில் 10-க்குக் கீழ் உள்ளது எதுவும் தெரியாது. நிழல் பகுதியை மட்டும் 6 முதல் 8 புள்ளி உயர்த்தித் தனிப் பிரதி எடுத்து, அதே அரங்கில் அதே நேரத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கசாப்புக்கடை விளையாட்டுப் பகுதி இருப்பதால் தொடக்கத்தில் "சிறுவர்களுக்கு உகந்ததல்ல" என்ற அட்டை ஐந்து நொடி நிற்கட்டும். போஸ்டரில் கிரிம் பெயரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். அட்டையோடு விடாமல் வாசலிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்.