டொரொண்டோவில் இப்போது மணி என்ன?

மயிலாப்பூரில் இருந்தபடி இணையவழியில் பாட்டு சொல்லித்தரும் ஓர் ஆசிரியைக்காக நான் செய்து கொடுத்த தளம், சென்னையில் சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கும் வகுப்பை ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் காட்ட வேண்டும். ஜனவரியில் எல்லாம் சரியாகவே இருந்தது. டொரொண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் மார்ச் இரண்டாம் ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமை, டொரொண்டோவில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி தம்பூரா ஆப்பை ஒலிக்கவிட்டு ஒரு மணி நேரம் வெறும் திரையின் முன் காத்திருந்தாள். அப்போது இங்கே மணி ஐந்தரைதான். ஆசிரியை சுவாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பிழை என்னுடையது. அவள் சேர்ந்த அன்று, உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் கெட்டைம்ஸோன்ஆஃப்செட் என்ற கட்டளை தந்த எண்ணை மட்டும் சேமித்து வைத்திருந்தேன். உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்குமான இடைவெளியை நிமிடங்களில் சொல்லும் அந்த எண், சென்னைக்கு எப்போதும் மைனஸ் 330. டொரொண்டோவுக்கோ குளிர்காலத்தில் 300, கோடையில் 240. குழந்தை காத்திருந்த ஒரு மணி நேரம் அந்த அறுபது நிமிட வித்தியாசம்தான்.

உலாவி சர்வருக்கு அனுப்பும் வழக்கமான கோரிக்கையில் நேர மண்டலம் இருப்பதில்லை. இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊகிக்கலாம் என்றால், இணைப்பை வேறு ஊர் வழியாகத் திருப்பும் விபிஎன் மூலம் வருபவரிடம் அது பொய்த்துவிடும். ஆகவே உலாவியிடமே, ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட் என்ற வசதி மூலம், மண்டலத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதே முறை. 'அமெரிக்கா/டொரொண்டோ' என்ற பெயர் கையில் இருந்தால், கடிகாரம் என்றைக்கு முன்னே போகும், என்றைக்குத் திரும்பும் என்ற விதிகளும் கூடவே கிடைத்துவிடும். நம் ஊருக்குச் சில உலாவிகள் 'ஏசியா/கோல்கத்தா' என்றும் சில 'ஏசியா/கல்கத்தா' என்றும் சொல்லும், இரண்டும் ஒன்றே. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் அந்தப் பெயருக்கான பதிவைத் திறந்து பார்த்தால், 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்பிருந்த மதராஸ் நேரமும் அதில் இருக்கிறது: உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த நேரம் இன்றும் கணினிகளுக்குள் இருப்பதை எண்ணி அன்று நெடுநேரம் மகிழ்ந்தேன்.

பெயரைக் கண்டறிந்தாலும் வருபவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். லண்டன் பேத்தியைத் தாம்பரத்திலிருந்து தாத்தா பதிவு செய்யும்போது, உலாவி தாத்தாவின் ஊரைத்தான் சொல்லும். அதனால் கண்டறிந்த பெயருக்குக் கீழேயே, மாணவர் இருக்கும் ஊரை மாற்றிக்கொள்ள ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். நேரத்தை ஒவ்வொரு முறையும் அந்த வகுப்பின் தேதிக்கே கணக்கிடுகிறேன். இப்போது அச்சிறுமியின் திரையில் இரண்டு வரிகள் தெரிகின்றன: 'டொரொண்டோவில் சனிக்கிழமை காலை 9:00', அதன் கீழே 'சென்னையில் மாலை 6:30'.