எல் பாசோவில் ஒரு பூட்டான்

மார்ச் 9, 2024

காரை விட்டு இறங்கியதும், "இது என்னடா, புத்த மடமா?" என்று கேட்டேன். அக்கா மகன் சிரித்தான். "அதுதான் மாமா எங்க காலேஜ்."

எல் பாசோவில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம். டெக்சாஸின் மேற்கு மூலை. சுற்றிலும் மொட்டைப் பாறை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். வருஷத்துக்கே சுமார் 9 அங்குலம்தான் மழை. அதற்கு இவ்வளவு நீளமான இறவாரமா?

மார்ச் 10

ராத்திரி சோறு வெந்துகொண்டிருந்தபோது கதையைக் கேட்டேன். 1914இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கியிருக்கிறார்கள். 1916இல் தீ விபத்து. இடத்தை மாற்றிப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை. முதல் டீனின் மனைவி கேத்லீன் வொரெல், நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் 1914 ஏப்ரல் இதழில் ஆங்கிலேய அதிகாரி ஜான் கிளாட் வைட் எடுத்த பூட்டான் படங்களைப் பார்த்திருக்கிறார். மலைச்சரிவில் நிற்கும் அந்தக் கோட்டைகள் நம் ஊருக்கும் பொருந்துமே என்று சொல்ல, ட்ராஸ்ட் அண்ட் ட்ராஸ்ட் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்து கொடுத்தது. 1917இல் ஓல்ட் மெயின் என்ற கட்டடம் எழுந்தது.

பத்திரிகைப் படத்தை நீட்டி, "இதே மாதிரி தைச்சுக் கொடுங்க" என்று டெய்லரிடம் சொல்வோமே, அதே கதைதான்!

மார்ச் 12

இன்று தனியாகப் போனேன். ஓல்ட் மெயின் சுவர் அடியில் அகன்று, மேலே போகப் போக உள்வாங்குகிறது. ஜன்னல்கள் ஆழத்தில் பதுங்கியிருக்கின்றன. கூரைக்குக் கீழே சுற்றிலும் செங்கல் பட்டை. பூட்டானில் சுவரின் மேல் சிவப்புப் பட்டை இருந்தால் அது கோயில், மடம் என்று அடையாளம். இங்கே அதற்குக் கீழே சுரங்கப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணி வெயிலில் இறவாரத்தின் நிழல் சுவரில் இறங்கியிருந்தது. வந்த அன்று கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அப்புறம் லாக்காங். இது அசல்: பூட்டான் கைவினைஞர்கள் 2008இல் வாஷிங்டன் நாட்டார் கலைவிழாவுக்காகக் கட்டிய கோயில். பூட்டான் அன்பளிப்பாகக் கொடுக்க, பிரித்து எடுத்துவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள், 2015இல் திறப்பு. மரத்தில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாமல் செதுக்கி, வண்ணம் தீட்டியிருக்கிறது. அழகுதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது படம் பார்த்துக் கட்டிய அந்தக் கிழட்டுக் கட்டடமே.

பக்கத்துப் புல்தரையில் இரண்டு பையன்கள் ஸ்பானிஷில் கணக்குப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.