ராஜ்தூத் 350: ஆக்சிலேட்டர் கேபிளின் மூன்றாவது முனை

பெட்ரோலோடு எண்ணெயும் எரிக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கேபிள் மாற்றிய பிறகு வண்டியின் புகை குறைந்திருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, என்ஜின் வலப்பக்க மூடியைக் கழற்றி ஆயில் பம்ப்பைப் பாருங்கள். என் வண்டியின் இரண்டு பிஸ்டன்களும் நூலிழையில் தப்பியிருக்கின்றன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள் ஒரே கம்பி. இதில் கிரிப்பிலிருந்து வரும் கம்பி டேங்குக்கு அடியில் ஓர் இணைப்புக்குள் நுழைந்து மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கிளைகள் இரண்டு கார்புரேட்டர்களுக்கு. மூன்றாவது ஆயில் பம்ப்புக்கு. முறுக்க முறுக்கப் பெட்ரோலோடு எண்ணெயும் கூடுதலாகப் போவது அந்த மூன்றாவது கிளையால்தான். பலர் பம்ப்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்காக இரண்டே கிளையுள்ள கேபிளும் கடைகளில் கிடைக்கிறது. என் கதை கெட்டது அங்கேதான்.

கிரிப் முனையில் கம்பி இழை இழையாகப் பிரியத் தொடங்கியதும், நகரத்தில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். சாயங்காலமே தயார் என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்து நெல்லை வண்ணார்பேட்டையில் வண்டியைத் திருப்பினேன். ஹேண்டில் இடப்பக்கம் முழுதாகத் திரும்பியதும், நான் முறுக்காமலேயே என்ஜின் சீறியது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், ஐடிலை, அதாவது முறுக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தை, திருகாணியால் குறைத்துக் கொடுத்து, "டூ ஸ்ட்ரோக் வண்டி அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி" என்றார்கள். இந்தப் பதிலை யாரும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த ஸ்ட்ரோக் ஆனாலும், ஹேண்டிலைத் திருப்பும்போது ஐடில் ஏறினால் கேபிள் போகும் வழி தவறு. வேறு காரணம் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

அதே நிலையில் பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறி இறங்கினேன். இறக்கத்தில் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி தானாக முன்னே தள்ளியது. டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிடிப்பு குறைவு, முன்னால் இருப்பதோ டிரம் பிரேக். வளைவில் இறங்கும் வேளையில் என்ஜின் கூடவே இழுத்தால் என்ன ஆகும் என்று இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அம்பாசமுத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. மலை ஏறி இறங்கிய வண்டியில் எண்ணெய் குறையவில்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. அங்கேயே பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி வீதம் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெய்) கலந்து, உருட்டிக்கொண்டு வருவது போல வீடு வந்து சேர்ந்தேன்.

பட்டறையில் மாட்டியது இரண்டு கிளைக் கேபிள் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று கிளைக் கேபிள் இருக்கிறது என்று தொலைபேசியில் உறுதி சொன்ன மதுரைக் கடைக்குப் போனதும் வீண். பெட்டியைப் பிரித்தால் அதே இரண்டு கிளை. படம் வாங்கிப் பார்க்காமல் உதிரிப் பாகத்துக்காக ஊர் விட்டு ஊர் போகாதீர்கள்.

கடைசியில் மேலப்பாளையத்தில், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கைப் பிடித்தேன். அவர் திருகாணி எதையும் தொடவில்லை. முதலில் டேங்கைத் தூக்கினார். எல்லாக் குற்றமும் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. கேபிளின் அவுட்டரை, அதாவது கம்பியின் மேல் உறையை, ஸ்டீயரிங் கழுத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஹேண்டில் திரும்பும்போது அவுட்டர் கூடவே நகர வழியில்லை. அதனால் அது தன் இருக்கையிலிருந்து இழுபட்டு, உள்ளே இருக்கும் கம்பியை இழுத்து, கார்புரேட்டரின் வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்கியிருக்கிறது. இணைப்பு டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. பம்ப் மூடியைக் கழற்றினால், சக்கரத்தில் கம்பி மாட்டும் இடம் காலி. பம்ப் எப்போதும் ஐடில் அளவு எண்ணெயை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பழைய கேபிளைக் கொண்டுவாருங்கள் அண்ணாச்சி, மேல் கம்பிதானே போயிருக்கிறது" என்றார். பட்டறையில் கேட்டால் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போய்விட்டார் என்று கைவிரித்தார்கள். நான் நகரவில்லை. மூலையில் இருந்த கழிவு டிரம்மை நானே கவிழ்த்துத் தேடி, மூன்று கிளையோடும் இணைப்போடும் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். இதில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். எந்தப் பட்டறையானாலும் கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் புதுக் கம்பியைப் பழையதோடு வைத்து அளந்து வெட்டி, முனையில் நிப்பிள் எனும் குமிழ் வைத்து ஈயம் பற்றவைத்தார். அவுட்டருக்குள் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி மறுமுனையில் வரும்வரை விட்டார். பிறகு பாதை. கிரிப்பிலிருந்து கோயில் யானையின் துதிக்கை போல அகன்று வளைந்து இறங்க வேண்டும். கழுத்தை உரசக் கூடாது, கிளட்ச் கேபிளோடு பின்னக் கூடாது. டேங்குக்கு அடியில் இணைப்பு அழுத்தமில்லாமல் கிடக்க வேண்டும். கழுத்துக்கு அருகே எந்தக் கட்டும் கூடாது. டேங்கை மாட்டிய பிறகு, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக் காட்டினார். சத்தம் அணுவளவும் மாறவில்லை. டேங்க் மாட்டுவதற்கு முன் மட்டும் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புவது போதாது, நசுக்குவதே டேங்க்தான்.

கார்புரேட்டர் பக்கம் தளர்வு சுமார் 1 மில்லிமீட்டர். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டர் மற்றொன்றை இழுத்துக்கொண்டு ஓடும். பம்ப்பைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டர் கேபிள்களின் தளர்வு நீங்கும் அளவுக்கு மட்டும் கிரிப்பைத் திருப்பிப் பிடித்தபடி, பம்ப் சக்கரத்தில் உள்ள கோடு ஊசிக்கு நேராக வரும்படி வைத்தார். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் பம்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று மகனுக்கும் சேர்த்தே சொன்னார்.

ஆடிக் காற்று முகத்தில் அறைய வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறுவரை போய்வந்தேன். எதிர்காற்றில் முறுக்கிப் பிடித்தே ஓட்ட வேண்டிய பாதை அது. பம்ப் துண்டித்த நிலையில் அங்கே போயிருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருக்கும். திரும்பி வந்து தொட்டியைத் திறந்தேன். எண்ணெய் நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டு சைலன்சரிலும் புகை ஒரே அளவு. டேங்கில் நான் கலந்து வைத்திருந்த பெட்ரோல் தீர்ந்த பிறகே இப்படிச் சோதிக்க வேண்டும், கலவையும் பம்ப்பும் சேர்ந்தால் புகையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

புதுக் கம்பி சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். அப்போது தளர்வையும் பம்ப் கோட்டையும் இன்னொரு முறை சரிபாருங்கள். பட்டறையில் விடுவதானால் பக்கத்திலேயே நில்லுங்கள்.