யாருக்கு எழுதுகிறோம்: எழுத்து வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 10

இணையத்தில் பொது வாசகர்களுக்கு எழுதும் வகுப்பு இன்று தொடங்கியது. நுண்ணுயிரியல், பொருளாதாரம், வரலாறு, கணினி என்று பல துறைப் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள். அவரவர் துறையில் ஒரு விஷயத்தை எடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "இன்றைய நவீன உலகில்" என்றுதான் தொடங்குகின்றன.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடமும் அவர்கள் எழுதியது விடைத்தாள் திருத்துகிற ஒரே ஓர் ஆளுக்காக. அந்த ஆளுக்கு விடை ஏற்கெனவே தெரியும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசி வரி வரை படித்தாக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். இணையத்தில் வருகிறவர் அப்படியில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள வருகிறார், கிடைக்காவிட்டால் போய்விடுவார். இந்தப் பருவம் முழுக்க நான் செய்யப்போவது, அந்த வாசகரை இவர்கள் மனதில் உட்காரவைப்பதுதான்.

ஜூலை 14

மக்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட சோதனை முடிவை வகுப்பில் சொன்னேன். பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதிய இணையப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். வரி வரியாகப் படித்தவர்கள் 16 சதவீதம். "அப்படின்னா சின்னதா எழுதினா போதுமா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நீளம் பிரச்சினையே இல்லை, முக்கியமானது எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றேன். செய்தித்தாள்காரர்கள் வெகுகாலமாகச் செய்வது இது: பாதியில் நிறுத்துகிறவருக்கும் சாரம் கிடைத்துவிட வேண்டும்.

ஜூலை 21

இன்று வகுப்பு முழுவதும் ஒரே பத்தியில் போனது. நுண்ணுயிரியல் மாணவி ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் கட்டுப்படாமல் போவதைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் பத்தியில் ஒரு வரையறை, 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டறிந்தது, பிறகு மூன்று கலைச்சொற்கள். தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

"இது யாருக்கும்மா வேணும்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் சார்." எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை, உனக்குத் தெரிந்த ஒரே ஒருவரைச் சொல் என்றேன். யோசித்துவிட்டு, "எங்க சித்தி. போன காய்ச்சலுக்கு வாங்கின மாத்திரையில மிச்சத்தை எடுத்துவெச்சு, சளி பிடிச்சா போட்டுப்பாங்க" என்றாள்.

சரி, சித்திக்கு எழுது என்று அங்கேயே உட்காரவைத்தேன். வகுப்பு முடிவதற்குள் இப்படி வந்தது: "போன தடவை வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதா? சளிக்கு அதைப் போடாதீர்கள். சாதாரணச் சளி வைரஸால் வருவது. இந்த மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது." நான்கு வாக்கியம், ஒரு கலைச்சொல் கூடப் புதிதில்லை. அவளுக்குத் தெரிந்த அறிவியல் எதுவும் குறைந்துபோகவும் இல்லை. இதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

ஃபிளெமிங்கை என்ன செய்வது என்று கேட்டாள். தூக்கிப்போட வேண்டாம், அவருக்கு வேலை கொடு என்றேன். 1945 நோபல் உரையிலேயே அவர், பெனிசிலினைப் போதாத அளவில் எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். அந்தத் தகவல் நடுவில் வந்தால், 1928 என்ற ஆண்டைவிடச் சித்திக்கு அது உறைக்கும்.

ஜூலை 29

விக்கிப்பீடியா பயிற்சி. வரலாற்று மாணவன் ஒரு கட்டுரையில் சேர்த்த இரண்டு வரியை, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் சிறிது நேரத்திலேயே நீக்கிவிட்டார். காரணம்: சான்று இல்லை. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தகவல் சரியானதுதான், ஆனால் சரி என்று வாசகர் எப்படி நம்புவார்? "ஆய்வுகள் கூறுகின்றன" என்று எழுதினால் நான் அடிக்கோடு போட்டுவிட்டு அரை மதிப்பெண் குறைப்பேன், அதோடு முடிந்துவிடும். அங்கே வரியே போய்விடுகிறது. நூலகத்தில் புத்தகத்தைத் தேடி, பக்க எண்ணோடு மறுபடி சேர்த்தான். இந்த முறை யாரும் தொடவில்லை.

அப்புறம் இணைப்புகள். "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல், இணைப்பு எங்கே போகிறது என்பதையே அதன் சொற்களாக வைக்கச் சொன்னேன். திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள், வைத்துப் படிக்கிற பார்வையற்றவர் பலசமயம் இணைப்புகளை மட்டும் தனியாகக் கேட்டுப் போவார். வரிசையாகப் பத்து "இங்கே" கேட்டால் அவர் என்ன செய்வார்? படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையைப் படங்களுக்கு எழுதுவதும் இதே கணக்குதான்.

ஆகஸ்ட் 5

நுண்ணுயிரியல் மாணவி கவலையோடு வந்தாள். "முழு கோர்ஸையும் முடிக்காவிட்டால் எதிர்ப்பு உருவாகும்", அதாவது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும், என்று எழுதியிருந்தாள். அதற்குச் சான்று தேடப்போனால், 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்று அந்த அறிவுரைக்கே ஆதாரம் போதாது என்கிறது. காசநோய் மாதிரி நோய்களில் பாதியில் நிறுத்துவது ஆபத்துதான். வேறு பல தொற்றுகளில் தேவைக்கு மேல் மருந்து எடுப்பதே எதிர்ப்பை வளர்க்கலாம் என்பது அந்தக் கட்டுரையாளர்களின் வாதம்.

தேர்வுத்தாளில் இரண்டு தரப்பையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். சித்தி கையில் மாத்திரை வைத்துக்கொண்டு படிக்கிறார். வெகுநேரம் பேசி இப்படி எழுதினாள்: "எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்." இந்த மூன்று வாக்கியத்தை நான் இந்தப் பருவத்தின் சிறந்த எழுத்து என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

ஒரு மாணவி தன் கட்டுரையை வெளியிட விரும்பவில்லை என்றாள். காரணம் கேட்கவில்லை. வெளியிடுவது கட்டாயமில்லை, மதிப்பெண்ணும் குறையாது, புனைபெயரும் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வயதில் எழுதியதை வேலை கொடுக்கிறவர் முப்பது வயதில் தேடி எடுக்கலாம். நாம் அழித்தாலும், பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கலாம். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. இவ்வளவும் தெரிந்த பிறகு சம்மதிப்பதுதான் சம்மதம்.

ஆகஸ்ட் 18

மாத்திரைக் கட்டுரை வெளியானது. சித்தி படித்துவிட்டு உடனே கேட்டாராம்: "சரிடி, அப்ப மிச்சம் இருக்கிறதை என்ன பண்றது?" கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை, நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. கழிப்பறையில் கொட்டினால் தண்ணீரில் கலக்கும். மருந்துக்கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று விசாரித்து ஒரு பத்தி சேர்க்கிறாள். அடுத்த வகுப்புக்கு எல்லாரும் தங்கள் கட்டுரையைத் துறைக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் கேட்கிற முதல் கேள்வியை எழுதிக்கொண்டு வர வேண்டும்.