பந்தல் போடாத துக்கம்

குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் உடம்பு வலி, தைலம் தடவினால் காலையில் போய்விடும். "இவ என் பென்ஷன் காசைத் திருடிட்டா" என்று நைனா வாசலில் நின்று வியாசர்பாடிக்கே கேட்கிற மாதிரி கத்துவாரே, அதற்குத் தைலம் கிடையாது.

காசைப் பாஸ்புக்கோடு மஞ்சப்பையில் சுருட்டி அரிசி டின்னுக்குள் புதைத்தவர் அவரேதான். நைனாவுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய். அது பெரும்பாலும் புது ஞாபகத்தில்தான் முதலில் கை வைக்கும், அதனால் வைத்தது அவருக்குப் பதியவே இல்லை. பொருளைக் காணோம், பக்கத்தில் இருப்பது நான், அப்போ நான்தான் திருடி. அவர் கணக்கு அவருக்குச் சரி. இது புரிந்ததும் வலி குறைந்ததா என்றால் இல்லை, பதிலுக்குக் கத்துவதுதான் குறைந்தது. "வா நைனா, ரெண்டு பேருமாத் தேடலாம்" என்று டின் பக்கம் கூட்டிப்போய் அவர் கையாலேயே எடுக்க விடுகிறேன்.

பெரம்பூர் பின்னி மில்லை 1996லேயே மூடிவிட்டார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் நைனாவுக்கு நைட் ஷிஃப்ட். பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸ் கேட்பார் (சாயங்காலத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம், ஆனால் ஒரே நாளில் திடீரென்று மோசமானால் மூத்திரத் தொற்றாகக்கூட இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்). மில் மூடியாச்சு என்று யாராவது சொன்னால் அவருக்கு அது அன்றைக்குத்தான் மூடுகிறது, வேலை மறுபடி போகிறது. அதனால் "இன்னைக்கு உனக்கு லீவு நைனா" என்று சொல்லிவிடுவேன். பொய்தான், சொல்லலாம்.

போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எங்க ஏரியாவில் சாவு என்றால் தெருவை மறித்துப் பந்தல், மேளம், கானா, வந்தவர்களுக்கெல்லாம் டீ, கட்டிப்பிடித்து அழ ஆள். நைனாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிற எனக்கு அதெல்லாம் இல்லை, "நல்லா சாப்பிடுறாரே, அப்புறம் என்ன" என்பதோடு சரி. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா (அல்சைமரும் இதில் ஒரு வகைதான்) என்று 2023இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது, அப்படியென்றால் எங்கள் தெருவிலேயே நான் மட்டும் இருக்க முடியாது, யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பாலின் பாஸ் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1970களில், போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார், பிற்பாடு மறதி நோய்க்காரர்களின் குடும்பங்களையும் அதில் சேர்த்தார். அங்கே ஆள் இல்லை, மனசு விடவில்லை. இங்கே ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் இல்லை. படித்ததும் எனக்குக் காசிமேடுதான் ஞாபகம் வந்தது. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில் காரியம் பண்ணுவதா வேண்டாமா, பொட்டை எடுப்பதா வைப்பதா என்று எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

எனக்கு மீன் போடுகிற அக்கா அப்படிப்பட்ட வீட்டுக்காரி. அவளிடம் மட்டும்தான் "சில நாள் இவரு போயிட்டா தேவலைன்னு தோணுதுக்கா" என்று சொல்ல முடிந்தது. செதில் சீவுகிற கையை அவள் நிறுத்தவில்லை. "தோணும்டி, தோணாம என்ன" என்றாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அந்த நினைப்பு வந்தால் நீங்கள் கொலைகாரி இல்லை. ஆனால் தூக்கமே வரவில்லை, கை ஓங்கத் தோணுகிறது என்ற அளவுக்குப் போனால் மீன்கார அக்கா போதாது, 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அப்புறம், ஆள் மாற்றாமல் இது நடக்காது. ஆவடியில் இருக்கிற தம்பி போனில் அஞ்சு நிமிஷம் பேசிவிட்டு "நல்லாத்தானேக்கா பேசுறாரு" என்பான். போனிலும் விருந்தாளி எதிரிலும் இவர்கள் எங்கிருந்தோ தெளிவைக் கொண்டுவந்துவிடுவார்கள், டாக்டர் எதிரில் கேட்கவே வேண்டாம். அட்வைஸ் போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரு, காலையில் இல்லை, சாயங்காலம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

வந்தான். நான் பாரிமுனைப் பக்கம் போய் ஒரு தட்டு அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வாங்கி நின்றேன், யாருக்கும் ஊட்டாமல் நானே சாப்பிட்டேன். பாதியில் போன்.

"அக்கா, என்னை மேஸ்திரின்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு நாள் லீவு கேக்குறாரு. என்ன சொல்றது?"

"சம்பளத்தோட குடுடா" என்றேன்.