அலர்ஜிக்கு லெப்டின் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் யோசியுங்கள்

மகரந்த சீசன் வந்தாலே தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. இந்த முறை எடையும் கூடியிருந்தது. "கொழுப்பு ஹார்மோன் ஏறினால் அலர்ஜியும் ஏறும், லெப்டின் பார்த்துவிடுங்கள்" என்றார்கள் லேபில். வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்தேன். 'அதிகம்' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகப் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல.

அலர்ஜி டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். 1994-ல் கண்டுபிடித்த லெப்டினைப் பெரும்பாலும் கொழுப்புத் திசுதான் சுரக்கிறது. உடம்பில் கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். பெண்களுக்கு இயல்பாகவே அதிகம். இரவில் ஏறும், பட்டினி கிடந்தால் இறங்கும். அலர்ஜியில் பெரும்பங்கு வகிக்கும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் லெப்டின் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு. லெப்டின் பட்டால் அவை சீக்கிரம் மடிவதில்லை என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதே கொழுப்பிலிருந்து வரும் அடிப்போனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கும், ஆனால் எடை ஏற ஏற அது குறையும். ஆக, தொடர்பு பொய்யில்லை. ஆனால் மூக்கு அலர்ஜிக்காரர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. என் லெப்டின் அளவை வைத்து எந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவும் முடியாது, மருந்தை மாற்றவும் முடியாது. கேட்டதும் கோபம்தான் வந்தது. பணம் வாங்கும்போது இதை ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து ஸ்கின் பிரிக் டெஸ்ட், அதாவது தோலில் மகரந்தச் சாற்றுத் துளி வைத்து லேசாகக் குத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆன்டிஹிஸ்டமின் என்ற அலர்ஜி மாத்திரையை முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமாம். நேரம் குறித்துக் கொடுத்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாத்திரை உடம்பில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், வழக்கமாகத் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் துளி வைத்த இடமே சரியாகத் தடிக்காது, முடிவை நம்ப முடியாது. புக் பண்ணும்போதே எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக 3 முதல் 7 நாள். சில சளி சிரப், தூக்க மாத்திரைகளிலும் ஆன்டிஹிஸ்டமின் இருக்கும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே தடையில்லை. மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்கள் ஒவ்வொரு மகரந்தத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கும் ஐ.ஜி.இ (அலர்ஜி எதிர்ப்பொருள்) இரத்தப் பரிசோதனையைக் கேட்கலாம்.

மறுமுறை 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. புல் மகரந்தம் வைத்த இடம் தடித்து நின்றதைப் பார்த்தபோது அப்படியொரு நிம்மதி! இத்தனை காலத் தொல்லைக்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

இப்போது சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எடையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதுவரை அலர்ஜி சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.